பவளம் புருஷனை உதைத்தது உண்மைதான்

டெக்சஸில் எங்கள் ஊரான சுகர் லேண்டில் எந்தத் தமிழரைக் கேட்டாலும் சொல்வார்கள், பவளம் தன் புருஷனைக் காலால் உதைத்தாள் என்று. உண்மைதான், உதைத்தாள். பட்டப்பகலில், கராஜ் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு உதைத்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் சேர்ந்து விழுந்தது. ஆனால் நம் ஆட்களுக்கு ஒரு கெட்ட பழக்கம், வாலைப் பிடித்துப் பார்த்துவிட்டு யானையையே பார்த்ததாகப் பேசுவார்கள். அதனால் முழுக் கதையையும் நானே சொல்லிவிடுகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் எழுந்து போகலாம், யாரையும் கட்டிப் போடவில்லை.

பவளம் கோபிச்செட்டிப்பாளையத்துக்காரி. கந்தசாமியைக் கட்டிக்கொண்டு டெக்சஸுக்கு வந்தவள். அவர் எண்ணெய்க் குழாய்களைப் பராமரிக்கும் கம்பெனியில் இன்ஜினியர். ஒரே பெண், வெண்பா. பவளத்துக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு டேகேரில் வேலை. நான் ஷ்யாமளா, திருச்சிக்காரி, ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கிறவள், அவளுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. என்னை அக்கா என்பாள். என் வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் எந்த விழா வந்தாலும் பவளம் அடுப்படியில்தான் இருப்பாள். பொங்கலுக்குக் கூடும் அத்தனை பேருக்கும் சர்க்கரைப் பொங்கல் கிண்டுவது அவள். சாம்பாருக்கும் அவள்தான், கடைசியில் அண்டாவைத் தேய்ப்பதும் அவள்தான். மேடையில் நன்றி சொல்லும்போது மட்டும் அவள் பெயர் வராது, 'மற்றும் மகளிர் அணியினர்' என்று வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அப்படிச் சிரித்துவிட்டுப் போகிறவள் மாறியது தொண்ணூற்றைந்தில், வெண்பாவின் பள்ளித் தோழி ஒருத்தியின் பிறந்தநாளன்று. ஒரு பழைய மாலுக்குள் இருந்த, பனிச்சறுக்கு ஆடும் ஐஸ் ரிங்கில் பார்ட்டி. குழந்தைகள் ஐஸில் இறங்கின. அம்மாக்களில் சிலருக்கும் ஆசை வந்தது. புஷ்பவல்லி தன் கோட்டைக் கழற்றி, "பவளம், இதக் கொஞ்சம் வெச்சுக்கோயேன்" என்றாள். அடுத்தவள் ஹேண்ட்பேக்கைக் கொடுத்தாள். அதற்கடுத்தவள் கேட்கக்கூட இல்லை, மேலே போட்டுவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கோட்டுக் குவியலுக்கு மேல் பவளத்தின் கண் மட்டும்தான் தெரிந்தது.

"ஏனுங்க்கா," என்றாள் குவியலுக்குள்ளிருந்து. "நான் என்ன செவுத்துல அடிச்ச ஆணியா? ஆளாளுக்கு மாட்டிப்போட்டுப் போறாங்க!"

மொத்தத்தையும் பெஞ்சில் கொட்டினாள். கவுண்டருக்குப் போய் வாடகைக்கு ஸ்கேட்ஸ் வாங்கினாள். சுடிதாரோடு ஐஸில் கால் வைத்தாள், வைத்த வேகத்தில் உட்கார்ந்தாள். எழுந்தாள், மறுபடி விழுந்தாள். வெண்பா பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு, "மாம், எல்லாரும் பாக்கறாங்க, ப்ளீஸ் ஸ்டாப்!" என்றாள்.

"இரு கண்ணு, இன்னும் ரெண்டு தடவ வுழுந்துபோட்டு வாரேன்" என்றாள் பவளம்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. சனிக்கிழமைதோறும் பெரியவர்களுக்கான வகுப்பு. கேலி பேசியவர்களை எல்லாம் எண்ணிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. நாற்பதை நெருங்கும் வயதில் இது தேவையா என்றார்கள், கை கால் முறிந்தால் யார் பார்ப்பது என்றார்கள். கந்தசாமியும் முதலில், "உனக்கு எதுக்கு அம்மிணி இது?" என்றுதான் கேட்டார். கேட்டுவிட்டு, மணிக்கட்டு வீங்கி வந்தவளுக்கு ஃப்ரீசரிலிருந்து ஐஸ் எடுத்து ஒத்தடம் கொடுத்தார். ஐஸில் விழுந்தவளுக்கு ஐஸ்தான் மருந்து என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். நல்ல மனுஷன், ஜோக்தான் வராது.

நான் எப்படி இதில் மாட்டினேன் என்று கேட்பீர்கள். ஐஸில் பயமில்லாமல் பின்பக்கமாகப் போகப் பழகிய இந்தப் பெண்ணுக்கு, ஃப்ரீவேயில் பறக்கும் வண்டிகளுக்கு நடுவில் புகுந்து மெர்ஜ் பண்ண மட்டும் உயிர் போகும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, "முருகா, முருகா" என்று ஒதுங்கி நின்றுவிடுவாள். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அலறவிடுவான். அதனால் டிரைவர் வேலை எனக்கு. போனால் திரும்ப வர வேண்டாமா, அதனால் ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலையும் எனக்கு வந்தது. பார்த்துப் பார்த்து எனக்கே அந்த ஆட்டத்தில் பைத்தியம் பிடித்துவிட்டது.

ஆட்டம் என்று நான் சொல்வது டீவியில் ஒற்றையாகச் சுழன்று குதிப்பார்களே, அதை அல்ல. ஒரு டீமே சேர்ந்து ஆடுவது. பிரிசிஷன் ஸ்கேட்டிங் என்று பெயர் இருந்தது, நாங்கள் உள்ளே போன சமயத்தில்தான் அதை சிங்க்ரனைஸ்டு என்று மாற்றினார்கள். ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு வரிசையாக நிற்பார்கள். அந்த வரிசை அப்படியே நேர்கோடாகப் போகும், வட்டமாக வளையும், இரண்டு வரிசையாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வெளியே வரும். எல்லாவற்றிலும் கஷ்டம் சக்கரம். நடுவில் நிற்பவள் இருந்த இடத்திலேயே திரும்பினால் போதும், கடைசி முனையில் இருப்பவள் காற்றாய்ப் பறக்க வேண்டும். அவள் பறக்கும்போது அவளுக்கிருக்கும் ஒரே ஆதாரம் அடுத்தவளின் கை.

ஒலிம்பிக்ஸில் அதற்கு இடமில்லை. டீவியிலும் காட்டமாட்டார்கள். ஸ்வீடன், ஃபின்லாந்து, கனடா டீம்கள் ஆடியதை யாராவது கேசட்டில் பதிந்து வைத்திருந்தால் வாங்கி வருவோம். பவளம் வீட்டு விசிஆரில் சினிமா ஓடுவது நின்றுபோயிற்று. முதலில் தலையில் அடித்துக்கொண்ட வெண்பா, பிறகு சோபாவில் எங்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்து, "மூணாவது கேர்ள் லேட், ரீவைண்ட் பண்ணு" என்று சொல்ல ஆரம்பித்தாள். ரீவைண்ட் பண்ணினால், அடப்பாவி, நிஜமாகவே மூன்றாவது பெண் லேட்.

பெரியவர்களுக்கென்று அந்த ரிங்கில் ஒரு டீம் இருந்தது. ப்ளூ பானெட்ஸ். வசந்தத்தில் டெக்சஸ் ரோட்டோரமெல்லாம் பூக்குமே, அந்த நீலப்பூவின் பெயர். ஒரு பல் டாக்டர், ஒரு வக்கீல், ரிட்டயரான தபால்காரம்மா என்று கலவையான கூட்டம். கோச் பெயர் டயான். சின்ன உருவம், பெரிய குரல். தொண்ணூற்றெட்டில் ஒரு இடம் காலியானதும் பவளம் போய் நின்றாள், டயான் எடுத்துக்கொண்டாள். பவளத்துக்குப் பக்கத்துத் தோள் பெக்கியுடையது. ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவள், அவள் உட்கார்ந்தால் பஸ்ஸே ஒரு பக்கம் சாயும், ஆனால் ஐஸில் இறங்கினால் பஞ்சு. சக்கரத்தின் கடைசி முனை பெக்கிக்கு, அவளைப் பிடிக்கும் கை பவளத்துக்கு.

வம்பு அந்தக் கையிலிருந்துதான் வந்தது. தோளோடு தோள் ஒட்டிக்கொண்டு ஓடும்போது கால் பக்கத்தில் இருப்பவள்மேல் படத்தான் செய்யும். வெள்ளைக்காரிகள் கண்டுகொள்ளவே மாட்டார்கள். நமக்கு அப்படியா? யார்மேலாவது கால் பட்டால் கை தானாகப் போய் அவர்களைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். யோசித்துச் செய்வதா அது? பவளத்தின் பிளேடு பெக்கியின் பூட்ஸில் இடித்தால் போதும், கை தோளை விட்டு எழும்பி, தொட்டு, கண்ணுக்குப் போய்த் திரும்பி வந்துவிடும். பிராக்டிஸில் மெதுவாகப் போகும்போது யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. பவளத்துக்குக் கண்ணில் ஏதோ அலர்ஜி என்று நினைத்துக்கொண்டு பெக்கி ஒருநாள் சொட்டு மருந்து வாங்கிவந்து கொடுத்தாள். இவளும் தேங்க்யூ சொல்லி வாங்கி வைத்துக்கொண்டாள், அசடு.

அந்த வருஷம் டிசம்பரில் டாலஸில் ஒரு சின்னப் போட்டி. அதற்கடுத்து ஜனவரியில் மிச்சிகனில் பெரிய போட்டி, பல மாநில டீம்கள் வருவது. டாலஸ் அதற்கு ஒத்திகை மாதிரி. பாட்டு ஆரம்பித்தது, நேர்கோடு சுத்தமாகப் போயிற்று, வட்டமும் அருமை. சக்கரம் சுழல ஆரம்பித்தது. வேகம் ஏறி பெக்கி பறக்கிறாள். அந்த நேரம் பார்த்துப் பவளத்தின் பிளேடு பெக்கியின் காலில் பட்டது.

கை எழுந்தது. தொட்டது. கண்ணுக்குப் போயிற்று.

பெக்கி கவணிலிருந்து கிளம்பிய கல்லாகப் போனாள். ஐஸின் அந்தக் கோடியில் இருந்த தடுப்பில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. பவளமோ கையைக் கண்ணில் வைத்தபடி, தான் கும்பிட்ட ஆள் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். நான் சிரிக்கவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். சிரித்தேன். பெக்கி எழுந்து வந்து வரிசையில் சேர்ந்துகொண்டாள், எலும்பு எதுவும் முறியவில்லை. டீமுக்குக் கடைசி இடம்.

உடை மாற்றும் அறையில் டயான் கேட்டாள், அது என்ன, எதற்குக் கையை எடுத்தாய் என்று. பவளம் தனக்கு வந்த இங்கிலீஷில் விளக்கினாள். கால் பட்டால் அவமரியாதை, அதனால் தொட்டுக் கும்பிடுவோம். பெக்கி ஐஸ் பையைத் தோளில் வைத்துக்கொண்டு, "அப்போ இத்தனை நாளா அது அலர்ஜி இல்லையா!" என்று ஆச்சரியப்பட்டாள். டயான் சிரிக்கவில்லை. அழகான வழக்கம்தான், ஆனால் ஐஸில் ஆகாது என்றாள். மிச்சிகனில் பவளத்துக்குப் பதில் வேறொருத்தி ஆடுவாள், பவளம் மாற்று ஆளாக ஓரத்தில் இருக்கட்டும் என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, எல்லாரும் கழற்றிப் போடும் குளிர் ஜாக்கெட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல ஆள் வேண்டுமே, நீதான் அதற்குச் சரி என்றாள்.

பவளத்தின் முகத்தைப் பார்த்தேன்.

"நோ ஜாக்கெட்ஸ்" என்றாள் பவளம். குரல் உயரவில்லை. ஆனால் அறையில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஐ ஸ்கேட். கிவ் மீ டெஸ்ட்."

டயான் சரி என்றாள். கிறிஸ்துமஸ் முடிந்து வரும் முதல் பிராக்டிஸில் முழு ஆட்டமும் ஆட வேண்டும். ஒரே ஒரு தடவை கை எழுந்தாலும் மிச்சிகன் கிடையாது. தப்பித் தவறித் தேறிவிட்டால் மிச்சிகனில், ஐஸில் கால் வைத்ததிலிருந்து வெளியே வரும்வரை அந்தச் சைகை வரவே கூடாது. பவளம் தலையாட்டினாளா, ஆட்டவில்லையா என்று என்னால் சத்தியம் பண்ண முடியாது.

டாலஸிலிருந்து திரும்பும் வழியெல்லாம் காரில் அழுதாள். துக்கத்தில் வரும் அழுகை இல்லை, ஆத்திரத்தில் வருவது. "மறுபடியும் ஆணிதானுங்களாக்கா நானு? அவங்க ஆடுவாங்க, நான் கோட்டு மாட்டறதா? வுட மாட்டேன். பாத்துக்கறேன்."

"பாத்துக்கோ. ஆனா அந்தக் கைய என்ன பண்ணுவே?" என்றேன்.

பிராக்டிஸ் கராஜில் ஆரம்பித்தது. கந்தசாமி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அதற்கு அந்தப் பக்கம் வெண்பா. தோளில் கை போட்டு வரிசையாக நிற்பது, பவளம் வேண்டுமென்றே எங்கள் காலில் உதைப்பது, கையை எடுக்காமல் இருப்பது. இவ்வளவுதான் பயிற்சி. கேட்கச் சுலபமாகத் தெரிகிறதல்லவா? ஒவ்வொரு உதைக்கும் கை துள்ளி எழுந்து எழுந்து வந்தது. அதுவும் கந்தசாமியை உதைத்தால் ஒரு கை போதாமல் இரண்டு கையும் வந்தது.

"கட்டுன புருஷனை ஒதைக்கறதுக்கு பிராக்டிஸ் பண்ற ஒரே ஊடு நம்ம ஊடுதான் அம்மிணி" என்றார் அவர், முழங்காலுக்குக் கீழே தேய்த்துக்கொண்டே.

"பேசாம நில்லுங்க. நீங்க அசையறீங்க, எனக்குக் குறி தப்புது" என்றாள் பவளம். உதைத்தாள்.

அப்போதுதான் திருமூர்த்தி வந்து நின்றார். சங்கத்துத் தலைவர், வயதில் மூத்தவர், வேட்டியை மைக்குக்காகவே கட்டுகிறவர். பொங்கல் சாமான் லிஸ்ட் பேசலாம் என்று காரை நிறுத்திவிட்டு வந்த மனுஷன், பவளம் கந்தசாமியை உதைப்பதையும், கந்தசாமி, "இன்னும் கொஞ்சம் பலமா" என்பதையும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தபடி நின்றார்.

"அண்ணா, வாங்க. பிராக்டிஸுங்க" என்றாள் பவளம், மூச்சு வாங்க.

"அம்மா பவளம்," என்று ஆரம்பித்தார் அவர். "நானே உன்கிட்ட பேசணும்னு இருந்தேன். நாலு பேர் நாலு விதமா பேசறாங்க. இந்த ஐஸு, இந்த டிரெஸ்ஸு... டாலஸ்ல எடுத்த போட்டோவ யாரோ காட்டினாங்க. தொடை வரைக்கும் கால் தெரியுதும்மா. நம்ம கல்ச்சர்னு ஒண்ணு இருக்கில்ல?"

நான் வாயைத் திறந்தேன். பவளம் என்னைக் கையால் தடுத்தாள்.

"அண்ணா, அது என்ற கால் இல்லைங்க. எல்லாரும் ஒரே மாதிரி தெரியோணும்னு டீம்ல குடுக்கற, கால் பூரா மூடற டைட்ஸுங்க. வெள்ளைக்காரி தோல் கலர்ல இருக்கும், நல்லா மொத்தமான துணி. என்ற கால் இதா, இந்தக் கருப்பு. நீங்க போட்டோவுல பாத்தது ஏதோ வெள்ளைக்காரி கலருங்க. என்ற காலை நீங்க பாக்கவே இல்லை. மனசக் கொழப்பிக்காதீங்க."

திருமூர்த்தியின் முகம் போன போக்கை வெண்பா இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சைப் பொங்கலுக்கு மாற்றினார். விழா ஜனவரி கடைசிச் சனிக்கிழமை, வழக்கம்போல் பவளம்தானே என்றார்.

"அன்னைக்கு எனக்கு மிச்சிகன்ல போட்டிங்க."

"நீ இல்லாம பொங்கல் யாரும்மா கிண்டறது? அத்தனை பேர் வர்றாங்க. ஒரு விளையாட்டுக்காகப் பொங்கலை விடுவாங்களா? அதுவும், உன்னை டீம்லயே ஓரமா ஒக்கார வெச்சுட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

எனக்கு அந்த ஆளைப் பிடித்து வரிசையில் நிறுத்தி ஒரு உதை கொடுக்கச் சொல்லலாமா என்று தோன்றியது.

"ஒக்கார மாட்டேனுங்க" என்றாள் பவளம். "அங்கயும் ஒக்கார மாட்டேன், இங்கயும் கிண்ட மாட்டேன். வருஷா வருஷம் கிண்டுனனே, என்ற பேர நீங்க ஒருக்கா மைக்குல சொல்லியிருப்பீங்களா? இந்த வருஷம் பொங்கலை மைக் பிடிக்கறவங்க கிண்டட்டும்."

"யாரும்மா..."

"நான் கிண்டறேனுங்க" என்றார் கந்தசாமி. எல்லாரும் அவரைப் பார்த்தோம். அவர் இன்னும் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பைப்லைன் கம்பெனில வேலை. பெரிய பாத்திரத்துல கொழகொழன்னு இருக்கறதெல்லாம் நமக்குப் பழக்கந்தான்." முதல்முறையாக அவர் ஜோக்குக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

திருமூர்த்தி வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி பக்கத்து ஊரான கேட்டி வரைக்கும் போய்விட்டது. பவளம் புருஷனை உதைக்கிறாள், அவரும் அடுப்படிக்குப் போய்விட்டார், பக்கத்தில் நின்று ஷ்யாமளா வேடிக்கை பார்க்கிறாள். சாம்பார்ப் பொடி வாங்கப் போன கடையில் ஒருத்தி என்னிடமே கேட்டாள். "ஆமா, உதைக்கிறா. உங்க வீட்டுக்காரருக்கும் வேணும்னா சொல்லுங்க, சனிக்கிழமை ஃப்ரீதான்" என்றேன்.

ஊரை வாயால் அடக்கிவிடலாம். அந்தக் கையை அடக்க முடியவில்லை. கிறிஸ்துமஸ் நெருங்கியது. எழும்பும் கையைப் பவளம் மறுகையால் அடித்துப் பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள். ஒருநாள் கராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆகாதுங்க்கா. கும்பிடாம வுட்டா அந்தக் கால்ல பட்டது அப்படியே நிக்கறாப்பல இருக்குது. மனசு ஒப்ப மாட்டேங்குது."

"ஆனா ஏம்மா அப்பவே பண்ணணும்?" என்றாள் வெண்பா, பாதி இங்கிலீஷில். "ஆஃப்டர் த சாங் பண்ணு. ஸாரி சொல்றதுக்கு எக்ஸ்பைரி டேட்டா இருக்கு?"

பவளம் நிமிர்ந்தாள். "பொறவு கும்பிட்டா ஆகுங்களா?" என்று புருஷனைக் கேட்டாள்.

கந்தசாமி யோசித்தார். "நம்மூர்ல கோயிலுக்கு ஒடனே போக முடியலீன்னா என்ன பண்ணுவாங்க? மஞ்சத் துணியில ஒரு ரூவா முடிஞ்சு வெப்பாங்க. சாமி கோவிச்சுக்குதா? பொறவு போய்ச் செலுத்துனா ஏத்துக்குதல்ல? அதாட்ட இதையும் முடிஞ்சு வெச்சுக்கோ."

பவளம் எழுந்தாள். எங்கள் தோளில் கை போட்டாள். கந்தசாமியை ஓங்கி ஒரு உதை விட்டாள். கை எழவில்லை. உதடு மட்டும், 'முடிஞ்சுட்டேன்' என்று முணுமுணுத்தது. இன்னொரு உதை. முடிஞ்சுட்டேன். பிராக்டிஸ் முடிந்த பிறகு எங்கள் மூன்று பேர் காலையும் முறையாகத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள், பெற்ற மகள் காலையும் விடவில்லை. வெண்பா வெட்கத்தில் கத்திக்கொண்டே உள்ளே ஓடினாள்.

டயான் வைத்த டெஸ்டில் பவளம் தேறினாள். எப்படி என்று விலாவாரியாகச் சொல்ல வேண்டியதில்லை, கை எழவில்லை, அவ்வளவுதான். டயான் தன் வார்த்தையைக் காப்பாற்றினாள். வரிசையில் பவளத்தின் இடம் பவளத்துக்கே. அவளுக்குப் பதில் ஆட இருந்தவள்தான் இப்போது மாற்று ஆள், அவளும் காய்ச்சல் வந்து மிச்சிகனுக்கே வரவில்லை. நானும் வெண்பாவும் கூடப் போனோம். ஊரெல்லாம் பனி. என் மூக்கு என்னிடம் இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அங்கே சுகர் லேண்டில் கந்தசாமி கரண்டியைக் கையில் எடுத்திருப்பார். பொங்கல் அடிப்பிடித்தது என்றும், அப்படியும் அண்டா காலியாயிற்று என்றும் பிறகு கேள்விப்பட்டோம். அதற்கப்புறம் வந்த பொங்கலுக்கெல்லாம் அவர்தான்.

ப்ளூ பானெட்ஸ் ஐஸில் இறங்கியது. எல்லாரும் ஒரே நீல வெல்வெட், ஒரே கொண்டை, ஒரே லிப்ஸ்டிக். தூரத்திலிருந்து பார்த்தால் யார் யாரென்று தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு. எங்கள் ஆள் மட்டும் பளிச்சென்று தெரிந்தாள், அந்தக் கருப்புக் கழுத்தோடு. நான் அவள் காலைப் பார்க்கவில்லை. வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பெக்கியின் தோளில் இருந்த கையை.

பாட்டு ஆரம்பித்தது. நேர்கோடு, வட்டம், எல்லாம் சரி. சக்கரம் சுழன்றது. முனையில் பெக்கி பறந்தாள். கடைசிச் சுற்றில் பவளத்தின் பிளேடு பெக்கியின் காலில் இறங்கியது. பூட்ஸில் இல்லை, அதற்கு மேலே. டைட்ஸ் கிழிந்து சிவப்பாகக் கோடு ஓடியது எனக்கே தெரிந்தது. "அம்மா, ஓ மை காட்!" என்று வெண்பா என் கையைக் கிள்ளினாள். உதைபட்டவள் முகம் சுளித்தாள், ஆனால் ஓட்டத்தை விடவில்லை. பவளத்தின் விரல்கள் அவள் தோளில் வெளுத்துப்போகும் அளவுக்கு இறுகின. எழவில்லை. பவளத்தின் உதடு மட்டும் அசைந்தது. என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

வரிசை இரண்டாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்து வந்தது. மறுபடி ஒரே கோடானது. கைகள் மேலே போய் நின்றன. பாட்டு நின்றது.

கூட்டம் கைதட்ட ஆரம்பித்தது. எல்லாரும் நடுவர்கள் பக்கம் திரும்பித் தலைவணங்க வேண்டும். பவளம் திரும்பவில்லை. அத்தனை பேர் பார்க்க, நடுவர்கள் பார்க்க, வெளிவாசலில் நின்று டயான் தலையைத் தலையை ஆட்டி வேண்டாம் வேண்டாம் என்று சைகை காட்ட, பெக்கியின் முன்னால் ஐஸில் இரண்டு முழங்காலும் பட மண்டியிட்டாள். கிழிந்த காலை இரண்டு கையாலும் தொட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவசரமே இல்லை. வீட்டில் சாமி கும்பிடும்போதுகூட அவள் அவ்வளவு நிதானமாகக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பக்கத்துச் சீட்டு வெள்ளைக்காரர் இதுவும் ஆட்டத்தில் சேர்த்தியா என்று கேட்டார். ஆமாம், இதுதான் முக்கியமான பாகம் என்றேன்.

பெக்கி குனிந்து அவளைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். "எங்கே காணோமேன்னு பார்த்தேன், ஏன் இவ்வளவு லேட்டு?" என்று கேட்டாளாம்.

எத்தனையாவது இடம் என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன், மெடல் இல்லை, கடைசியும் இல்லை. இரண்டாயிரத்தொன்று ஆகிவிட்டது, பவளம் இன்னும் அதே டீமில் அதே இடத்தில்தான் நிற்கிறாள். ஆனால் அன்றைக்கு அவர்கள் ஐஸை விட்டு வெளியே வரும்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும்? வாசலிலேயே டயான் வழிமறித்தாள். மாற்று ஆள் வராததால் அத்தனை பேருடைய ஜாக்கெட்டும் அவள் கையில்தான். மோவாய் வரைக்கும் ஏறியிருந்த குவியலுக்கு மேல் முகம் சிவந்திருந்தது. உள்ளே போனதிலிருந்து வெளியே வரும்வரை கூடாது என்று சொன்னேனா இல்லையா என்றாள். நானும் வெண்பாவும் படியிறங்கி அங்கே வந்துவிட்டிருந்தோம்.

பவளம் மூச்சு வாங்கிக்கொண்டே நின்று பதில் சொன்னாள். இங்கிலீஷில்தான் சொன்னாள், இலக்கணம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. ஹோட்டலுக்குக் காரில் திரும்பும்போது தமிழில் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

"பாட்டு ஓடற வரைக்கும் என்ற கை டீமோட கை. நான் எடுத்தனா? எடுக்கலை. பாட்டு நின்னுபோச்சுன்னா அது என்ற கை."

சொல்லிவிட்டு, டயானின் கையிலிருந்த குவியலில் தன் ஜாக்கெட்டைத் தேடி உருவிப் போட்டுக்கொண்டாள். மீதி ஜாக்கெட்டுகளோடு டயான் அங்கேயே நின்றாள்.